உலைச்சுவர்

எங்கள் பாட்டில் கம்பெனியின் உலை அணைந்து யாரும் பார்த்ததில்லை. என் மாமனார் அங்கே கரி தள்ள வந்தபோதே அது எரிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பிறகு என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டார். விடுமுறை நாளிலும் எரிந்தது, முதலாளி வீட்டில் சாவு விழுந்தபோதும் எரிந்தது, ஊருக்குள் வெள்ளம் புகுந்தபோதும் எரிந்தது. பக்தியால் அல்ல. கண்ணாடிப் பாகு தொட்டிக்குள்ளேயே ஆறிவிட்டால் பாறையாக இறுகிவிடும். மேலே கவிந்திருக்கும் செங்கல் கூரை விரிசல் விட்டு உட்கார்ந்துவிடும். அதன் பிறகு அந்த உலையை இடித்துத்தான் கட்ட வேண்டும். தொழிலெல்லாம் படுத்துப்போன அந்த வருஷத்தில் யாரும் எதையும் கட்டவில்லை.

நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். வரும் பாட்டில்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, மயிரிழை விரிசலும் காற்றுக் குமிழும் உள்ளவற்றை ஒதுக்கும் வேலை. ஒதுக்கியவை உடைந்து மறுபடி உலைக்கே போகும். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவினால்கூட ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

முதலில் வாசனைத் தைலக்காரர்கள் பாட்டில் வேண்டாம் என்றார்கள். நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மனிதன் வாசனையில்லாமல் இருந்துவிடலாம். பிறகு எண்ணெய்க்காரர்கள் நிறுத்தினார்கள். கடைசியில் மருந்து கம்பெனியும் நிறுத்தியது என்று தெரிந்த அன்று என் கணவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“நோய் ஒண்ணும் நிக்கலை. வாங்கறவன்தான் நின்னுட்டான்” என்றார்.

அதற்குள் ஊர் மாறத் தொடங்கியிருந்தது. பாங்க் கதவில் பூட்டு தொங்கியது. அதன் படியில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், உள்ளேயிருந்து யாராவது வந்து தட்டி எழுப்புவார்கள் என்பதைப் போல. அடகுக் கடைக்காரர் இனிமேல் தையல் மெஷின் எடுப்பதில்லை என்று பலகை மாட்டினார். கம்பெனிச் சங்கு ஊதுவது நின்ற பிறகும் ஆண்கள் சங்கு நேரத்துக்கே எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, தெருவுக்கு வந்து நின்றார்கள். பெண்கள் அவர்களை உள்ளே கூப்பிடவும் முடியாமல், வேலைக்குப் போகச் சொல்லவும் முடியாமல் வாசலைத் திரும்பத் திரும்பப் பெருக்கினோம்.

முதலாளி தலைநகரத்துக்குப் போனார். அரசாங்கக் கடன் வாங்கி வருவதாகச் சொன்னார். வண்டி ஏறும்போது என் கணவரின் தோளில் கைவைத்து, “உலைய மட்டும் அணைய விட்டுடாதப்பா. கையில எரியற உலை இருந்தாத்தான் நான் அங்க போய் வாய் திறக்க முடியும்” என்றார். முற்றத்தில் ஒரு கரிக்குவியல் மீதி இருந்தது. பாட்டில் வார்க்க வேண்டியதில்லை, பாகு இறுகாத அளவுக்குச் சூடு நின்றால் போதும் என்பதால், என் கணவர் அதை நோயாளிக்கு மருந்து கொடுப்பதுபோல அளந்து போட்டார்.

எங்கள் தெருக்குழாயடியில் செய்தித்தாள் வாசிப்பது நான்தான். தாள் பழையதாக இருக்கும். மளிகைக் கடைக்காரர் பொட்டலம் மடிப்பதற்கு முன் எனக்குக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்வார். அப்படி ஒருநாள் இரண்டு செய்திகளை ஒரே பக்கத்தில் வாசித்தேன். தொழில் துறை அமைச்சர் பேசியிருந்தார்: எரிந்துகொண்டிருக்கும் ஆலைகளுக்கே கடன், செத்த ஆலைகளுக்குக் கடன் கொடுத்து மக்கள் பணத்தை வீணாக்க மாட்டோம். அதற்குக் கீழேயே நிவாரணத் துறை அமைச்சர் பேசியிருந்தார்: மூடிய ஆலைகளின் தொழிலாளர் குடும்பங்களுக்கு மாவும் குழந்தைகளுக்குப் பால் பவுடரும் தரப்படும், ஆலை நடக்கும் ஊர்களுக்கு இல்லை.

கூட்டத்தில் ரேடியோ நின்றான். அவன் எங்கள் கம்பெனியில் பாட்டில் அடுக்குகிறவன். அவனிடம் ரேடியோ இல்லை. எல்லாச் செய்தியும் அவனிடம் இருக்கும் என்பதால் அந்தப் பெயர்.

“ரெண்டு மந்திரியும் ஒரே கட்டிடத்துலதான் உக்காந்திருக்காங்க. நடுவுல ஒரு சுவர்தான். எட்டிக் கேட்டிருக்கலாம்” என்றான்.

“மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் அடின்னு சும்மாவா சொன்னாங்க” என்றாள் ஒரு கிழவி.

எல்லோரும் தலையை நிமிர்த்திப் புகைபோக்கியைப் பார்த்தார்கள். அது எங்கள் தெருவின் எந்த மூலையில் நின்றாலும் தெரியும். அன்றுவரை அதிலிருந்து புகை வருவதைப் பார்ப்பது ஒரு ஆறுதலாக இருந்தது. அன்று முதல் அதைப் பார்த்தவர்கள் என்னையும் பார்த்தார்கள்.

என் கொழுந்தனும் அதே கம்பெனிதான். பாட்டில் வார்க்கும் அச்சு மெஷினில் வேலை. அடுத்த வீடு. அவன் மனைவி, என் ஓரகத்தி, பிள்ளை பெற்று நான்காவது மாதத்தில் பால் வற்றிப்போய் நின்றாள். மாவைக் கரைத்துக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்தோம். மாவு குறையக் குறைய தண்ணீர் தெளிந்தது. குழந்தை அழுவதைக் குறைத்துக்கொண்டது. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. பக்கத்துச் சுவருக்கு அப்பால் அழுகை கேட்டால் நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்து, அப்பாடா என்று மூச்சு விடுவோம்.

ஒரு காலை கொழுந்தன் வந்து வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

“அண்ணே, எத்தனை நாளைக்கு எரிப்பே?”

“கரி இருக்கிற வரைக்கும்.”

“கரி தீர்ந்தா?”

“அதுக்குள்ள மொதலாளி வந்துடுவார்.”

“அவர் வரமாட்டார்ணே. அவர் அங்க ஓட்டல்ல உக்காந்து வெந்நீர் குடிச்சுக்கிட்டு இருக்கார். ஊர்ல ஒருத்தன் வீட்லயும் உலை கொதிக்கல. நீ மட்டும் கொதிக்க வெச்சுக்கிட்டு இருக்கே.”

என் கணவர் செருப்பைத் தேடினார். கொழுந்தன் விடவில்லை.

“அணைச்சுடுண்ணே. ஒரே ஒரு தடவ கேக்கறேன்.”

“அணைச்சா என்னாகும்னு உனக்குத் தெரியும். மாவு ரெண்டு மாசம் வரும். அப்புறம்? நீ, நான், இந்தத் தெரு மொத்தமும் எங்க போய் நிப்போம்? உன் பிள்ளை பெருசாகி எங்க வேலைக்குப் போவான்?”

“அவன் மொதல்ல பெருசாகட்டும்ணே” என்றான் கொழுந்தன்.

என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு உலைக்குப் போனார். இரண்டு பேரும் சொன்னது சரியாகவே இருந்தது. அந்த வருஷத்தில் எல்லாச் சண்டையும் அப்படித்தான் இருந்தது.

நிவாரண ஆபீசர் ஊர் ஊராக வந்து ஆலைகளைப் பார்த்து எழுதுகிறார் என்ற செய்தியை ரேடியோ கொண்டுவந்தான். அடுத்த ஊர் இரும்புப் பட்டறையில் கொதிகலன் மேல் கைவைத்துப் பார்த்தார்களாம், சூடாக இருந்ததாம், ஊரையே நீக்கிவிட்டார்களாம். எங்கள் ஊருக்கு அடுத்து வருவாராம்.

கம்பெனி கேட்டில் எல்லோரும் கூடினார்கள். அணைக்க வேண்டும் என்றவர்களும் அணைக்கக் கூடாது என்றவர்களும் கத்தி ஓய்ந்தபின், யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை, அந்த யோசனை வந்தது. ஆபீசர் வந்து போகும் நேரம் மட்டும் புகை தெரியாமல் இருந்தால் போதும்.

“நெருப்பில்லாம புகையாதுன்னு பெரியவங்க சொன்னாங்க. நமக்குப் புகையில்லாம நெருப்பு வேணும். பெரியவங்க இதுக்கு ஒண்ணும் சொல்லி வெக்கலையே” என்றான் ரேடியோ. சிலர் சிரித்தார்கள். பல நாளைக்குப் பிறகு அந்தக் கேட்டில் கேட்ட சிரிப்பு அது.

எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். உலைக்கு அடியில் ஒரு நீண்ட அறை உண்டு, குழி என்போம். புகை அந்த வழியாகத்தான் புகைபோக்கிக்குப் போகும். அதை அடைக்க ஒரு கனத்த இரும்புக் கதவு, டேம்பர், சங்கிலியில் தொங்கும். அதை இறக்கிவிட்டால் புகை வெளியே தெரியாது. ஆனால் போக வழியில்லாத புகை எங்காவது போகத்தானே பார்க்கும்.

“முன்கூட்டியே கரி போடறத நிறுத்திடறேன். தணலா ஆனதும் டேம்பர இறக்கலாம். கொஞ்ச நேரம் தாங்கும். ஆனா கீழ ஆள் இருக்கணும். நெருப்பு முன்பக்கம் திரும்பினா உடனே தூக்கிவிடணும்” என்றார்.

“நான் இருக்கேண்ணே” என்றான் கொழுந்தன்.

“உனக்கு என்ன தெரியும்? நீ மேல நில்லு. ஆபீசர் போனதும் குழிக்கு இறங்கற இரும்புக் குழாய்ல மூணு தட்டு தட்டு. நான் திருப்பித் தட்டிட்டுக் கதவத் தூக்கறேன்.”

வீட்டுக்கு வந்தபிறகு நான் கேட்டேன். “கரி வாயு தலைக்கு ஏறாதா?”

“தல கனத்தா வெளிய வந்துடுவேன்.”

“கனக்கறது தெரியுமா?”

“இத்தனை வருஷமா அதுகூட இருக்கேன். எனக்குத் தெரியாதா” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பொண்டாட்டி கோவிச்சுக்கறது எந்த வாயுவையும்விட சீக்கிரம் தெரியும். அதுலயே தப்பிச்சு வந்திருக்கேன்” என்றார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

ஆபீசர் வந்த நாள் சூரியனே தெரியாத நாள். வானம் கழுவாத கண்ணாடிபோல மங்கிக் கிடந்தது. குளிர் காற்று வேறு. சாலை வளைவில் ஒரு மனிதர் நடந்து வருவது தெரிந்ததும் ரேடியோ ஓடிவந்து சொன்னான். நாங்கள் ஜீப்பை எதிர்பார்த்திருந்தோம். என் கணவர் கைகளைத் துடைத்துக்கொண்டு உலைக்கூடத்தின் கதவைத் திறந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. சற்றுப் பொறுத்துப் புகைபோக்கியின் வாயில் மிச்சமிருந்த மெல்லிய கோடும் அறுந்துபோனது. தெருவில் நின்ற எல்லோரும் அதைப் பார்த்தோம். வானம் வெறுமையாக இருந்தது.

ஆபீசர் ஒடிசலான மனிதர். நரைத்த மீசை. பை ஒன்று, பழுப்பேறிய கோட்டு. அவருடைய ஷூவின் முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. கேட்டில் நின்று புகைபோக்கியை நிமிர்ந்து பார்த்தார். விற்காத சில பெட்டிகள் மட்டும் மிஞ்சிய அடுக்குக் கொட்டகையை எட்டிப் பார்த்தார். அச்சு மெஷின்களின் மேல் தூசி படிந்திருந்தது. அது நாடகம் இல்லை, உண்மையான தூசி. பையிலிருந்து பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார். முடிந்தது என்று நினைத்தேன். கொழுந்தன் அதற்குள் குழாயருகே போய் நின்றுகொண்டான்.

ஆபீசர் போகவில்லை. முற்றத்தைச் சுற்றி வந்தவர் உலைக்கூடத்துச் சுவரோரம் கிடந்த ஒரு மரப்பெட்டியைப் பார்த்து, “கொஞ்சம் உக்காந்துக்கறேன்” என்று சொல்லி உட்கார்ந்தார். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அவர் உட்கார்ந்த இடத்துக்கு ஒரு கை தூரத்தில், என் கணவர் உள்ளே போன அதே கதவு. குழிக்கு வேறு வழி கிடையாது. தட்ட வேண்டிய குழாயும் அவர் தலைக்கு மேலேதான் சுவரேறிப் போனது.

“இங்க ஒரே காத்துங்க. வீட்டுக்கு வாங்க, வெந்நீராவது வெச்சுத் தரேன்” என்றேன்.

“பரவால்லமா. இங்கயே நல்லாருக்கு.”

“தூசியா இருக்குங்களே” என்றான் கொழுந்தன்.

“என் கோட்டப் பாரு தம்பி. தூசிதான் இதப் பாத்துப் பயப்படணும்” என்று சிரித்தார்.

அவர் பேசத் தொடங்கினார். அதுதான் கொடுமை. கடுகடுத்த ஆபீசராக இருந்தால் சீக்கிரம் போயிருப்பார். ஆபீசில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஜீப்புக்குப் பெட்ரோல் கிடையாதாம். நிவாரணத் துறையில் வேலை போனவர்கள் நிவாரணம் கேட்டு அதே ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறார்களாம். உள்ளே இருப்பவர்கள் அவர்கள் கண்ணில் படாமல் பின்பக்கமாகப் போய் வருகிறார்களாம்.

“அப்ப உங்களுக்கு யார் சார் நிவாரணம் எழுதறது?” என்றான் ரேடியோ. அவனுக்கு எந்த நேரத்திலும் வாய் நிற்காது.

“அதான் நானும் கேட்டேன். அதுக்கு இன்னும் இலாகா வெக்கலயாம்.”

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். காலுறை கிழிந்து விரல்கள் தெரிந்தன. கால்களை மடக்கிப் பாதங்களைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். பேச்சு நின்றது. தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

அரசாங்க ஆபீசர் ஒருவரை எழுப்பலாமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கோபித்துக்கொண்டால்? எழுந்ததும் சந்தேகப்பட்டால்? அவரை எழுப்பாமல் அந்தக் கதவைத் திறக்க முடியாது. திறந்தால் உள்ளேயிருக்கும் அனல் அவர் முகத்தில்தான் அடிக்கும். கொழுந்தன் என்னைப் பார்த்தான். நான் புகைபோக்கியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தாங்கும் என்று சொன்ன அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று நாங்கள் யாரும் அவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

என் ஓரகத்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். ஆபீசரின் பக்கத்தில் போய் நின்றாள். அவளுடைய கை துணிக்குள் போவதை நான் பார்த்தேன். குழந்தையின் தொடையைக் கிள்ளினாள். குழந்தை வாயைத் திறந்தது. முகம் கோணியது. பூனைக்குட்டியின் குரல்போல ஏதோ வந்து, வந்த வேகத்திலேயே அடங்கிப்போனது. அவள் மறுபடியும் கிள்ளினாள். இந்த முறை அதுவும் வரவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அழ மாட்டேங்குதுக்கா” என்றாள் உதட்டசைவில்.

ரேடியோதான் கொட்டகைக்குள் ஓடி, அடுக்கியிருந்த பாட்டில் பெட்டியொன்றை அப்படியே தள்ளிவிட்டான். நல்ல பாட்டில்கள், என் கையால் பார்த்துத் தேர்ந்தவை. அந்தச் சத்தத்தில் ஆபீசர் திடுக்கிட்டு எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தார். பிறகு வெட்கப்பட்டவர்போல ஷூவை மாட்டிக்கொண்டு, பையை எடுத்து, கையைக் கூப்பிவிட்டு நடந்தார். நாங்களும் கூப்பினோம். அவர் கேட்டைத் தாண்டினார். முதுகு சாலையில் சிறிதாகிக்கொண்டே போனது. வளைவைத் தாண்டட்டும் என்று கொழுந்தன் காத்திருக்கவில்லை. குழாயை மூன்று தட்டு தட்டினான்.

பதில் தட்டு வரவில்லை.

மறுபடி தட்டினான். காதைக் குழாயில் வைத்தான். எல்லோரும் புகைபோக்கியைப் பார்த்து நின்றோம். அத்தனை நாள் அந்தப் புகையைச் சபித்தவர்களும் அங்கே இருந்தார்கள். இப்போது அத்தனை முகமும் அதைத்தான் கேட்டது. ஒரு கோடு வந்தால் போதும், ஒரே ஒரு கோடு. வானம் வெள்ளையாகவே இருந்தது.

கொழுந்தன் ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தான். டேம்பரைத் தூக்கும் சங்கிலியின் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் புகை வந்தது. கறுப்பாக, திரண்டு, இத்தனை நேரம் அடக்கி வைத்ததையெல்லாம் ஒரேயடியாகக் கக்கியது. அதன் கீழே அவன் தன் அண்ணனை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வந்தான்.

என் கணவரின் முகம் சிவந்திருந்தது. அத்தனை நல்ல நிறத்தில் பல மாதங்களாக அவரை நான் பார்த்ததில்லை. அதனால் ஒரு நொடி, ஒன்றுமில்லை, தூங்குகிறார் என்றே நினைத்தேன். ஒரு கை சங்கிலியைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது.

“மூச்சு இல்ல அண்ணி” என்றான் கொழுந்தன். பிறகு இருமினான். பிறகு தரையில் உட்கார்ந்தான்.

யாரோ கேட் பக்கம் பார்த்து, “ஆபீசர் திரும்பி வரார்” என்றார்கள். கத்தல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், அல்லது புகையைப் பார்த்திருக்க வேண்டும். நான்கு பேர் என் கணவரைத் தூக்கினார்கள். முற்றத்தின் பின்வாசல் வழியாக, எங்கள் வீட்டுக்கு. கட்டிலில் படுக்க வைத்துப் போர்வையை இழுத்துவிட்டார்கள். நான் பின்னால் நடந்தேன் என்று நினைக்கிறேன். கொழுந்தன் என் பக்கத்தில் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“அண்ணி, உள்ள செத்தார்னு சொன்னா கம்பெனி நடந்ததுன்னு ஆகிடும். ஊருக்கு மாவு வராது.” மறுபடி இருமினான். “நீங்க என்ன சொல்றீங்களோ அதான். நான் ஒண்ணும் சொல்லல.”

ஆபீசர் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் பின்னால் தெரு முழுவதும் நின்றது. ஓரகத்தி குழந்தையோடு கதவோரம் நின்றாள். அதன் தலை அவள் தோளில் துணிபோலத் துவண்டு கிடந்தது.

“என்னம்மா ஆச்சு?” என்றார் ஆபீசர்.

என் கணவர் கம்பெனி உலையில், கம்பெனிக்காக, ஊருக்காக நின்று செத்தார். அதைச் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. சொன்னால் அவர் செத்த இடத்தில் அவர் பெயர் இருக்கும். சொல்லாவிட்டால், வேலையில்லாமல் வீட்டில் படுத்திருந்து செத்த எத்தனையோ பேரில் ஒருவர்.

“நெஞ்சு வலின்னு படுத்தாருங்க. வீட்லதான்” என்றேன்.

அவர் கட்டிலைப் பார்த்தார். போர்வைக்கு வெளியே என் கணவரின் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கால் விரல் இடுக்கெல்லாம் கரி. பிறகு அவர் என்னைப் பார்த்தார். உள்ளே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

“நான் வந்த உடனே மூடின கம்பெனின்னு எழுதிட்டேன்மா. உக்கார்றதுக்கு முன்னாடியே.”

எனக்குப் புரியவில்லை.

“அப்புறம் சாஞ்சப்ப சுவர் சுட்டுது. வெயிலே இல்லாத நாள்ல சுவர் எப்படிச் சுடும்? எரியுதுன்னு தெரிஞ்சுது, எழுதினத மாத்தல. எல்லா ஆபீசரும் அப்படி எழுத மாட்டாங்க. நான் எழுதறேன்.”

“அப்புறம் ஏங்க உக்காந்தீங்க?”

அவர் குனிந்து தன் பிளந்த ஷூவைப் பார்த்தார்.

“விடியறதுக்கு முன்னாடியிலருந்து நடக்கறேன். குளிரு. அந்தச் சுவர் கதகதப்பா இருந்துச்சும்மா” என்றார்.

அவரைத் திட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. அவருக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது. எங்களுக்கு அவர் எழுதிவிட்டது தெரியாது. நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. அவர் என் கணவரின் காலருகே நின்று, போர்வையின் நுனியை இழுத்து அந்தப் பாதங்களை மூடினார். பிறகு போய்விட்டார்.

உலையை அணைக்கலாம் என்று யாரும் முடிவு செய்யவில்லை. கரி இன்னும் மிச்சம் இருந்தது. ஆனால் குழிக்குள் இறங்க ஆள் இல்லை. கொழுந்தன் கதவு வரை போய்த் திரும்பிவிட்டான். அப்படியே அது தணிந்தது. என் கணவரை எடுத்துக்கொண்டு போன அன்றும் புகைபோக்கியில் ஒரு மெல்லிய நூல் இருந்தது. மறுநாள் பார்த்தபோது இல்லை.

மாவு வந்தது. பால் பவுடரும் வந்தது. வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்றவர்கள் விலகி என்னை முதலில் போகச் சொன்னார்கள். நான் போகவில்லை, என் முறை வந்தபோது வாங்கிக்கொண்டேன். அந்த மாவை நான் சாப்பிட்டேன். பசித்தது. ஓரகத்தியின் குழந்தை ஒரு விடியலில் தெருவுக்கே கேட்கிற மாதிரி வீறிட்டு அழுதது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து அதைக் கேட்டேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன், பழக்கத்தில்.

முதலாளிக்குக் கடன் கிடைக்கவில்லை. அல்லது கிடைத்து வேறெங்கோ போனார். ரேடியோ இரண்டு விதமாகவும் சொன்னான். மறு வருஷம் அரசாங்கம் வேலைத் திட்டம் கொண்டுவந்தது. எங்கள் ஊருக்கு வந்த வேலை, அந்த உலையை இடித்துச் சாலைக்குச் சல்லி போடுவது. கொழுந்தன் அதில் சுத்தியல் பிடித்தான். தொட்டிக்குள் பாகு பச்சைப் பாறையாக உறைந்து கிடந்தது என்றான். நான் போய்ப் பார்க்கவில்லை.

நான் போனது அதற்கு முன்னால், உலை ஆறிக்கொண்டிருந்த நாட்களில். அத்தனை காலம் எரிந்தது ஒருநாளில் ஆறிவிடாது. உள்ளே செங்கல் விரிசல் விடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, யாரோ விரலைச் சொடுக்குவதைப் போல. குளிருக்குத் தெருப் பெண்கள் சிலர் குழந்தைகளோடு அந்தச் சுவரோரம் வந்து உட்காருவார்கள். ஓரகத்தியும் வருவாள். என்னைக் கண்டதும் இடம் விட்டு நகர்ந்துகொள்வார்கள். நான் மரப்பெட்டியில் உட்காரமாட்டேன். தரையில் உட்கார்ந்து முதுகைச் சாய்ப்பேன்.

முதலில் சேலையைத் தாண்டியே நன்றாகச் சுட்டது. பிறகு நேரடியாகக் கையை வைத்தால்தான் தெரிந்தது. பிறகு கன்னத்தை வைக்க வேண்டியிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். கடைசியாக நான் போன காலையில் சுவர் முழுவதும் பனி ஈரம் கோத்திருந்தது. முன்பெல்லாம் அந்தச் சுவரில் ஈரம் தங்கியதே இல்லை. முந்தானையால் கொஞ்சம் துடைத்துவிட்டு, துடைத்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். பிறகு வீட்டுக்கு வந்தேன்.